டிராஃப்டில் வருவதும் பிளேஆஃபில் வெல்வதும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஒரு சீசன் முடிவதும் அடுத்த சீசனுக்கான வேலை தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நடக்கின்றன. ஏப்ரல் நடுவில் தொடங்கும் பிளேஆஃப் சுற்றுகள் ஜூன் மாதத்தில் என்.பி.ஏ. சாம்பியனை முடிவுசெய்கின்றன. அதற்குச் சில நாட்களில் டிராஃப்ட் வந்துவிடுகிறது. கல்லூரிகளிலிருந்தும் வெளிநாட்டு அணிகளிலிருந்தும் வரும் இளைஞர்களில் சுமார் 60 பேரை 30 அணிகளும் வரிசைப்படி எடுத்துக்கொள்கின்றன. ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முறை விசித்திரமாகத் தோன்றும். இங்கே யாரும் விலை கேட்பதில்லை. பணம் படைத்த அணி முந்திக்கொள்ள வழியில்லை. முந்தைய சீசனில் மோசமாகத் தோற்ற அணிகள் வரிசையில் முன்னால் நிற்கின்றன, ஜெயித்தவை பின்னால் நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டிலிருந்து ரசிகர்களிடையே ஒரு தர்க்கம் பிறந்து பல பத்தாண்டுகளாக உலவுகிறது. பட்டம் வெல்ல ஒரு மகத்தான ஆட்டக்காரர் தேவை; அப்படிப்பட்டவர் டிராஃப்டின் முதல் சில இடங்களில்தான் கிடைப்பார்; ஆகவே நடுத்தர அணியாக இழுத்துக்கொண்டிருப்பதைவிட ஓரிரு ஆண்டுகள் அடிமட்டத்தில் கிடப்பதே புத்திசாலித்தனம். மூன்று படிகள் கொண்ட இந்த வாதத்தில் முதல் படி பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது, குலுக்கல் முறை வந்த 1985க்குப் பிந்தைய வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை.

டிராஃப்ட் 1947இல் தொடங்கியது. அப்போது லீக்கின் பெயரே வேறு. வலிமையைப் பங்கிட்டால்தான் போட்டி உயிரோடு இருக்கும், அரங்கு நிறையும் என்பது அதன் கணக்கு. தொடக்க காலத்தில் 'வட்டார உரிமை' என்றொரு சலுகையும் இருந்தது. தன் முதல் சுற்று உரிமையை விட்டுக்கொடுக்கும் அணி, தன் பகுதியில் படித்த ஆட்டக்காரரை மற்றவர்களுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்க் கல்லூரியின் ரசிகர்களை அரங்குக்கு இழுப்பதுதான் நோக்கம். வில்ட் சேம்பர்லேன் படித்தது கான்சாஸ் பல்கலைக்கழகத்தில். ஆனாலும் 1959இல் ஃபிலடெல்ஃபியா அவரது உயர்நிலைப் பள்ளி தங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று வாதாடி அவரைப் பெற்றது. 1965க்குப் பின் இந்தச் சலுகை ஒழிந்தது. அடுத்த ஆண்டு முதல் இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி முதல் இடத்தை முடிவுசெய்தார்கள்.

பூவா தலையா பார்த்த அந்தக் காலத்தில்தான் டிராஃப்டின் முதல் இடம் பற்றிய மயக்கம் உருவானது. 1969இல் ஃபீனிக்ஸ் 'தலை' கேட்டது, விழுந்தது பூ. மில்வாக்கிக்கு லூ அல்சிண்டர் கிடைத்தார். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆன அவர் தமது இரண்டாவது சீசனிலேயே, 1971இல், மில்வாக்கிக்குப் பட்டம் வாங்கித் தந்தார். 1979இல் சிகாகோ 'தலை' கேட்டுத் தோற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு மேஜிக் ஜான்சன் போனார். முதல் சீசன் முடிவதற்குள் பட்டம் வந்துவிட்டது. 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் காயம்பட்ட அப்துல்-ஜப்பாரின் இடத்தில் இறங்கி, 20 வயதில் 42 புள்ளிகள் எடுத்தார் ஜான்சன். ஒரே ஒரு ஆள் வந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் கிடைக்காது. ஆனால் லேக்கர்ஸ் கடைசி அணியாக இருந்து அந்த இடத்தைப் பெறவில்லை என்பது பலர் நினைவில் நிற்பதில்லை. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணியிடமிருந்து பழைய கொடுக்கல் வாங்கலில் வந்த உரிமை அது. ஏற்கெனவே அப்துல்-ஜப்பார் ஆடிக்கொண்டிருந்த அணியில்தான் ஜான்சன் சேர்ந்தார்.

வேண்டுமென்றே தோற்பது என்ற சிக்கல் 1980களின் நடுவில் வெளிப்படையானது. ஹூஸ்டன் 1983இல் ரால்ஃப் சாம்ப்சனையும் 1984இல் ஹக்கீம் ஒலாஜுவானையும் அடுத்தடுத்து முதல் இடத்தில் எடுத்தது. 1983–84 சீசனின் கடைசி வாரங்களில் அந்த அணி தோல்வியைத் தேடிப் போனதாகப் பலத்த குற்றச்சாட்டு எழுந்தது. விளைவாக 1985இல் குலுக்கல் வந்தது. பிளேஆஃபுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளின் பெயர்களை ஏழு உறைகளில் இட்டு, எல்லாருக்கும் சம வாய்ப்பு கொடுத்தார்கள். நியூயார்க் நிக்ஸ் ஜெயித்துப் பாட்ரிக் யூவிங்கை எடுத்தது. நிக்ஸின் உறையைக் குளிர்வித்து வைத்து அடையாளம் கண்டார்கள் என்ற கதை அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. அந்தச் சதியில் உண்மை இருந்திருந்தால் அது வீண் சதி. யூவிங் ஆடிய காலம் முழுவதும் நிக்ஸுக்குப் பட்டம் கிடைக்கவில்லை.

குலுக்கலின் விதிகள் அதன்பின் பலமுறை மாறின. 1990இல் மோசமான அணிக்குக் கூடுதல் வாய்ப்பு தரும் முறை வந்தது. 1993இல் ஆர்லாண்டோ 41 வெற்றி, 41 தோல்வி என்ற கணக்கோடு, 66 குலுக்கல் பந்துகளில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு முதல் இடத்தைத் தட்டிச் சென்றதும் கடைசி அணிகள் கொதித்தன. உடனே சாய்வு அதிகமானது. 14 பிங்-பாங் பந்துகளில் நான்கை எடுக்கும் முறை. கிடைக்கக்கூடிய 1,001 சேர்க்கைகளில் ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிட்டு, கடைசி அணிக்கு 25 சதவீத வாய்ப்பு தந்தார்கள். அது தோற்பவர்களுக்குத் தாராளமாகப் போய்விட்டது என்று 2019 முதல் மீண்டும் தளர்த்தினார்கள். அதன்படி கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம்தான். முதல் நான்கு இடங்களைக் குலுக்கல் முடிவுசெய்வதால், கடைசி அணி ஐந்தாம் இடம்வரை சரியலாம். அப்படிச் சரிவது அரிது என்று எண்ணியவர்களுக்கு 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் பதில் சொல்லின. 2023இலும் 2024இலும் டெட்ராய்ட், 2025இல் யூட்டா; லீக்கின் மிக மோசமான அணி மூன்று முறையும் ஐந்தாம் இடத்துக்கே போனது. 2023–24இல் தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் தோற்ற டெட்ராய்ட்டுக்கு அதற்கு ஈடாகக் கிடைத்தது அவ்வளவுதான்.

தோற்றுப் பெறும் உத்தியின் வரவு செலவை எளிதாகப் பார்க்க ஒரு வழி உண்டு. 1985 முதல் 2025 வரை 41 டிராஃப்ட்கள் நடந்திருக்கின்றன. முதல் இடத்தில் எடுக்கப்பட்டு, எடுத்த அணிக்காகவே ஆடிப் பட்டம் வென்றவர்கள் 2025 வரை நான்கே பேர்: டேவிட் ராபின்சன், டிம் டங்கன், லெப்ரான் ஜேம்ஸ், கைரி இர்விங். முதல் இருவரும் சான் அன்டோனியோ, அடுத்த இருவரும் கிளீவ்லாந்து. ஆக, இரண்டே அணிகள். அதிலும் ஜேம்ஸ் 2003இல் தேர்வாகி, 2010இல் மயாமிக்குப் போய், 2014இல் திரும்பி வந்து, 2016இல்தான் கிளீவ்லாந்துக்குப் பட்டம் தந்தார். ராபின்சனுக்கு 12 ஆண்டுகள் ஆயின. ஷகீல் ஓ'நீல், ட்வைட் ஹோவர்ட், ஆண்டனி டேவிஸ், ஆண்ட்ரூ விக்கின்ஸ் ஆகியோரும் முதல் இடத்தில் வந்தவர்கள், பட்டமும் வென்றவர்கள். ஆனால் வென்றது வேறு அணிகளில். வளர்த்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் வேறொருவர்.

டங்கன் விஷயத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. 1996–97இல் அவரை மனத்தில் வைத்து அழிந்துபோன அணி பாஸ்டன். 67 ஆட்டங்களில் தோற்று, இரண்டு தேர்வு உரிமைகளோடு குலுக்கலுக்குப் போய், மூன்றாம் இடமும் ஆறாம் இடமும் பெற்றுத் திரும்பியது. சான் அன்டோனியோ அந்த ஒரு சீசனில் மட்டும் விழுந்தது. ராபின்சன் காயத்தால் ஆறு ஆட்டங்களே ஆடியிருந்தார். காயம் ஆறி அவர் திரும்பியபோது பக்கத்தில் டங்கன் நின்றார். 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து பட்டங்கள். ஏற்கெனவே நல்ல அணியாக இருந்த ஒன்றுக்கு முதல் இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கே இது எடுத்துக்காட்டு. அடிமட்டத்திலிருந்து எழுவதற்கு அல்ல. டோனி பார்க்கர் 28ஆம் இடத்திலும் மானு ஜினோபிலி 57ஆம் இடத்திலும் அந்த அணிக்குக் கிடைத்ததையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

திட்டமிட்டுத் தோற்பதை ஒரு கொள்கையாகவே நடத்திக் காட்டியது ஃபிலடெல்ஃபியா. 2013இல் பொது மேலாளராக வந்த சாம் ஹின்கி, கையிலிருந்த நல்ல ஆட்டக்காரர்களை விற்றுத் தேர்வு உரிமைகளைக் குவித்தார். 2015–16இல் அணி 10 ஆட்டங்களில் வென்று 72இல் தோற்றது. அந்த சீசன் முடிவதற்குள் ஹின்கி விலகினார். ஜோயல் எம்பீட் 2014இல் மூன்றாம் இடத்தில், ஜலீல் ஓகஃபோர் 2015இல் மூன்றாம் இடத்தில், பென் சிம்மன்ஸ் 2016இல் முதல் இடத்தில், மார்கெல் ஃபுல்ட்ஸ் 2017இல் முதல் இடத்தில் என நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உச்சத் தேர்வுகள். எம்பீட் 2023இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். ஆனால் அவர் ஆடத் தொடங்கியது முதல் 2025 வரை அணி பிளேஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. இதைத் துரதிர்ஷ்டம் என்பார் உண்டு. 2019இல் டொரான்டோவின் காவாய் லெனர்ட் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது உண்மையில் துரதிர்ஷ்டம்தான். 2021இல் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

அதைப் புரிந்துகொள்ள, பிளேஆஃப் எந்த விதத்தில் வேறொரு ஆட்டம் என்று பார்க்க வேண்டும். வழக்கமான சீசனில் ஓர் அணி 82 ஆட்டங்கள் ஆடுகிறது. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். எதிரணியைப் பற்றி ஆராய நேரமில்லை. பயிற்சியாளர்கள் தங்கள் ஆட்டத்தையே ஆடிவிட்டுப் போகிறார்கள். பிளேஆஃபில் 16 அணிகள், நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் நான்கு வெற்றி பெறும்வரை ஒரே எதிரி. இரண்டு வாரம் அதே பத்துப் பேரின் ஆட்டத்தை ஒளிப்பதிவில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆட வைக்கும் ஆட்களின் எண்ணிக்கை எட்டு ஒன்பதாகச் சுருங்குகிறது. முன்னணி ஆட்டக்காரர்கள் 40 நிமிடம் களத்தில் நிற்கிறார்கள். யாருக்குத் தடுப்பாட்டம் வராது, யாரைத் தொலைவில் தனியே விட்டாலும் பந்து உள்ளே போகாது, யார் இடப்பக்கம் திரும்பமாட்டார் என்பதெல்லாம் இரண்டாவது ஆட்டத்துக்குள் அம்பலமாகிவிடும். டிராஃப்ட் ஓர் இளைஞரின் பலத்துக்கு விலை போடுகிறது. பிளேஆஃப் அவருடைய பலவீனத்தைத் தேடி வருகிறது. இரண்டுக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மையில்தான் தேர்வாளர்களின் பெரும்பாலான தவறுகள் இருக்கின்றன.

பென் சிம்மன்ஸ் அதற்கு ஆளானவர். ஆறடி பத்தங்குல உயரம், பந்தைக் கொண்டுசெல்லும் லாவகம், அருமையான தடுப்பாட்டம். அறிமுக சீசனின் சிறந்த புதுமுகம், மூன்று முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். தொலைவிலிருந்து எறிய மட்டும் மாட்டார். சீசனில் அதை மறைத்துவிட முடிந்தது. 2021 இரண்டாம் சுற்றில் அட்லாண்டா அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்து தனி எறிகளுக்கு அனுப்பியது. அந்த பிளேஆஃபில் அவர் எடுத்த 73 தனி எறிகளில் 25தான் உள்ளே போயின. ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வளையத்தின் அடியில் பந்து கையிலிருந்தும், எழும்பிப் போடாமல் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டார். ஃபிலடெல்ஃபியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுவாகவே ஆனது.

இதே விதி மிகச் சிறந்தவர்களையும் விடுவதில்லை. 2016இல் கோல்டன் ஸ்டேட் 73 ஆட்டங்களில் வென்று சாதனை படைத்துவிட்டு இறுதித் தொடரில் 3–1 என முன்னிலையில் இருந்தது. கிளீவ்லாந்து மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றது. ஏழாவது ஆட்டத்தில் 89–89 என்ற சமநிலையில் நிமிடக்கணக்கில் இரு தரப்புக்கும் புள்ளி விழவில்லை. கடைசியில் கிளீவ்லாந்து செய்தது எளிய காரியம்: திரை போட்டு, இர்விங்கின் எதிரே ஸ்டீபன் கரி வந்து நிற்கும்படி செய்தது. எறிவதில் இணையற்றவர் கரி. தடுப்பதில் அந்த அணியில் எதிரி குறிவைக்கத்தக்க ஆள் அவர்தான். அவர் தலைக்கு மேலாக இர்விங் எறிந்த மூன்று புள்ளிப் பந்து பட்டத்தை முடிவுசெய்தது. இர்விங்கும் ஜேம்ஸும் முதல் இடத் தேர்வுகள் என்பது தோற்றுப் பெறுவதை ஆதரிப்பவர்கள் சொல்லக்கூடிய வலுவான வாதம். அதே அணி 2013இலும் 2014இலும் முதல் இடம் பெற்று, ஆண்டனி பென்னெட்டையும் விக்கின்ஸையும் எடுத்து, இருவரையும் ஒரு பரிமாற்றத்தில் கொடுத்துவிட்டுத்தான் கெவின் லவ்வை வாங்கியது என்பது அதற்கான மறுவாதம். லவ் 2008இல் ஐந்தாம் இடத்தில் வந்தவர்.

எதிர்பாராத முடிவுகள் பிளேஆஃபில் குறைவு. எட்டாம் நிலை அணி முதல் நிலை அணியை முதல் சுற்றில் வீழ்த்தியது 2025 வரை ஆறு முறைதான்: 1994இல் டென்வர், 1999இல் நியூயார்க், 2007இல் கோல்டன் ஸ்டேட், 2011இல் மெம்ஃபிஸ், 2012இல் ஃபிலடெல்ஃபியா, 2023இல் மயாமி. ஒரு தொடரில் 3–0 எனப் பின்தங்கிய எந்த அணியும் அதுவரை மீண்டு வென்றதில்லை. 'பிளேஆஃபில் எதுவும் நடக்கலாம்' என்று அறிவிப்பாளர்கள் சொல்வது வழக்கம். ஏழு ஆட்டத் தொடர் அதை நடக்கவிடாமல் செய்வதற்கென்றே அமைந்தது.

சிறந்த ஆட்டக்காரர் இல்லாமல் பட்டம் இல்லை என்ற முதல் படி இதனால்தான் பெரும்பாலும் நிற்கிறது. 2004இல் லேக்கர்ஸை வீழ்த்திய டெட்ராய்ட் போல் நட்சத்திரமில்லாமல் கூட்டாக வென்ற அணிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்தச் சிறந்த ஆட்டக்காரர் எங்கிருந்து வருகிறார் என்ற இரண்டாவது படியில்தான் ரசிகர்களின் கணக்கு பிசகுகிறது. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றன. அவற்றின் தலைமை ஆட்டக்காரர்கள் டிராஃப்டில் வந்த இடங்கள் வரிசையாக: டொரான்டோவின் லெனர்ட் 15, லேக்கர்ஸின் ஜேம்ஸ் 1, மில்வாக்கியின் யானிஸ் அண்டெட்டோகூன்போ 15, கோல்டன் ஸ்டேட்டின் கரி 7, டென்வரின் நிக்கோலா யோக்கிச் 41, பாஸ்டனின் ஜேசன் டேட்டம், ஜேலன் பிரவுன் இருவரும் 3, ஓக்லஹோமா சிட்டியின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 11. இதில் முதல் இடத்தவர் ஜேம்ஸ் ஒருவரே. அவரையும் லேக்கர்ஸ் டிராஃப்டில் எடுக்கவில்லை.

யோக்கிச் 2014இல் தேர்வானபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் திரையின் அடியில் நகர்ந்து போனது. மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்று, அந்த விருதைப் பெற்றவர்களில் மிகப் பின்தங்கிய இடத்தில் தேர்வானவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. கனமான உடல், குறைந்த வேகம், எழும்பாத கால்கள். தேர்வாளர்கள் அளந்தது எல்லாம் சரியாகவே அளக்கப்பட்டது. களத்தில் பத்துப் பேரும் அடுத்த நொடி எங்கிருப்பார்கள் என்று காணும் திறனை அளக்க அவர்களிடம் கருவி இல்லை.

அளப்பது என்பது இந்தத் தொழிலின் பெரிய சடங்கு. மே மாதத்தில் சிகாகோவில் நடக்கும் பரிசோதனை முகாமில் உயரம், விரித்த கைகளின் நீளம், நின்றபடி எட்டும் உயரம், குதிக்கும் உயரம், மருத்துவ நிலை எல்லாம் பதிவாகின்றன. 2007இல் கெவின் டுராண்ட் 185 பவுண்டு எடையைப் படுத்தபடி ஒருமுறைகூடத் தூக்கவில்லை என்பது அன்று பெரிய செய்தி. அவருக்கு முன்னால் போர்ட்லாந்து எடுத்த கிரெக் ஓடன், முழங்கால் காயங்களால் மொத்தம் 105 என்.பி.ஏ. ஆட்டங்களோடு முடிந்துபோனார். டுராண்ட் லீக் வரலாற்றின் மிகச் சிறந்த புள்ளி எடுப்பவர்களில் ஒருவர். 2009இல் ஹஷீம் தபீட் ஏழடி மூன்றங்குலம் என்பதால் இரண்டாம் இடத்தில் போனார். மெலிந்த தோள்களும் சிறிய கல்லூரியின் பெயரும் கொண்ட கரி ஏழாம் இடம்வரை காத்திருந்தார். மினசோட்டா ஐந்தாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் அவர் ஆடும் அதே நிலைக்கு ரிக்கி ரூபியோ, ஜானி ஃபிளின் என இரண்டு பேரை எடுத்தது. கைகளின் நீளம் வீண் அளவு என்று சொல்லிவிட முடியாது. பிளேஆஃபில் எவரையும் மாறி மாறித் தடுக்க அது உதவுகிறது. அது மட்டும் போதாது என்பதுதான் விஷயம். 2012இல் 35ஆம் இடத்தில் போன டிரேமண்ட் கிரீன், தம் நிலைக்கு உயரம் போதாதவர் என்று கருதப்பட்டவர். கோல்டன் ஸ்டேட்டின் நான்கு பட்டங்களுக்கும் தடுப்பாட்டத்தின் அச்சாணி அவரே.

இருப்பவர்களில் சிறந்தவரை எடுப்பதா, அணியின் தேவைக்கு எடுப்பதா என்ற விவாதத்தில் எல்லாரும் 1984ஐத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஹூஸ்டன் ஒலாஜுவானை எடுத்த பின் இரண்டாம் இடத்தில் போர்ட்லாந்து இருந்தது. முந்தைய ஆண்டு எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் கையிலிருந்ததால் அதே நிலையில் ஆடும் மைக்கேல் ஜோர்டனை விட்டு, காலில் எலும்பு முறிவு வரலாறு கொண்ட சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக நின்ற சிகாகோவுக்கு ஜோர்டன். பின்னர் ஆறு பட்டங்கள். கதை இப்படிச் சொல்லப்படும்போது ஹூஸ்டனை எவரும் குறை சொல்வதில்லை. ஒலாஜுவான் 1994இலும் 1995இலும் பட்டம் தந்தார். 2018இலும் இதே நாடகம் சிறு அளவில் நடந்தது. லூக்கா டான்சிச் 19 வயதில் ரியல் மாட்ரிட் அணிக்காக ஆடி யூரோலீகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வாகியிருந்தார். பெரியவர்களோடு ஆடி நிரூபித்த அவரை விட்டு ஃபீனிக்ஸும் சாக்ரமென்டோவும் கல்லூரியிலிருந்து உயரமானவர்களை எடுத்தன. மூன்றாவதாக எடுத்த அட்லாண்டாவும் அவரை உடனே டாலஸுக்குக் கொடுத்து டிரே யங்கையும் ஓர் எதிர்காலத் தேர்வையும் வாங்கிக்கொண்டது. ஐரோப்பிய லீகின் தரத்தைக் குறைத்து மதிப்பிட்டதே இதன் காரணம். 2019 முதல் 2025 வரை சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற அனைவரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்: கிரீஸ், செர்பியா, கேமரூன், கனடா. இந்தியாவிலிருந்து டிராஃப்டில் தேர்வான முதல் ஆட்டக்காரர் 2015இல் டாலஸ் 52ஆம் இடத்தில் எடுத்த சத்னாம் சிங். என்.பி.ஏ. ஆட்டம் எதிலும் இறங்கும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை.

தேர்வாகும் வயது இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. கெவின் கார்னெட் 1995இலும் கோபி பிரையன்ட் 1996இலும் பள்ளியிலிருந்து நேரே வந்தார்கள். 2001இல் குவாமே பிரவுன் பள்ளியிலிருந்தே முதல் இடத்துக்கு வந்து ஏமாற்றினார். 2003இல் ஜேம்ஸ் அதே வழியில் வந்தார். 2005 ஒப்பந்தம் குறைந்தபட்ச வயதை 19 ஆக்கியதால், ஓராண்டு கல்லூரியில் ஆடிவிட்டு வருவது வழக்கமாயிற்று. 18, 19 வயதுக்காரர்களின் முப்பது ஆட்டங்களைப் பார்த்து 25 வயதில் அவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று சொல்வதுதான் தேர்வாளரின் வேலை. அண்டெட்டோகூன்போ 2013இல் கிரேக்கத்தின் இரண்டாம் நிலை லீகிலிருந்து வந்தார். பட்டம் வந்தது 2021இல், கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்த 50 புள்ளிகளோடு. இடையில் எட்டு ஆண்டுகள். 2016இல் தேர்வான பிரவுனுக்கும் எட்டு ஆண்டுகளே ஆயின. அடிமட்டத்தில் கிடக்கும் அணியின் பொது மேலாளர் அவ்வளவு காலம் பதவியில் இருப்பது அபூர்வம்.

ஓக்லஹோமா சிட்டி 2025இல் வென்ற பட்டத்தை, தோற்றுப் பெறும் உத்தியின் வெற்றியாகக் காட்டுபவர்கள் உண்டு. 2020–21இல் 22 வெற்றி, அடுத்த ஆண்டு 24. பின் 2022இல் இரண்டாம் இடத்தில் செட் ஹோம்கிரன். அதுவரை சரி. ஆனால் அணியின் தலைவர் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2018இல் சார்லட் எடுத்து, அன்றே கிளிப்பர்ஸுக்குக் கைமாற்றிய 11ஆம் இடத்து ஆட்டக்காரர். 2019இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து அவரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஓக்லஹோமா சிட்டி வாங்கியது. அந்தத் தேர்வுகளில் ஒன்றே 2022இல் 12ஆம் இடத்து ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்தவர் அவர். லூ டோர்ட்டும் அலெக்ஸ் கருசோவும் எந்த அணியாலும் தேர்வு செய்யப்படாதவர்கள். பொது மேலாளர் சாம் பிரெஸ்டி தோற்றதைவிடப் பேரம் பேசியதில்தான் அதிகம் சம்பாதித்தார். எதிரே ஏழு ஆட்டங்கள்வரை இழுத்த இண்டியானாவும் அடிமட்டம் தொடாத அணி. 12ஆம் இடத்தில் வந்த டைரீஸ் ஹாலிபர்டனைச் சாக்ரமென்டோவிடமிருந்தும், 27ஆம் இடத்தில் வந்த பாஸ்கல் சியாகமை டொரான்டோவிடமிருந்தும் பரிமாற்றத்தில் பெற்றது.

இந்தக் கலையை முதலில் கையாண்டது பாஸ்டனின் ரெட் அவர்பாக். 1956இல் செயின்ட் லூயிஸிடமிருந்து பில் ரசலின் உரிமையை இரண்டு ஆட்டக்காரர்களைக் கொடுத்து வாங்கி 13 ஆண்டுகளில் 11 பட்டங்கள் பார்த்தார். 1978இல் கல்லூரியில் இன்னும் ஓராண்டு பாக்கி வைத்திருந்த லாரி பேர்டை ஆறாம் இடத்தில் எடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். 1980இல் முதல் இடத்தையே கோல்டன் ஸ்டேட்டுக்குக் கொடுத்து ராபர்ட் பாரிஷையும் மூன்றாம் இடத்தையும் வாங்கி, அந்த மூன்றாம் இடத்தில் கெவின் மெக்ஹேலை எடுத்தார். மறுபுறம், அதே காலத்தில் கிளீவ்லாந்தின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுகளை அள்ளி இறைத்ததைப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அவற்றை விற்கக்கூடாது என்று லீக் விதியே போட்டது. அவர் பெயரால்தான் அந்த விதி இன்றும் வழங்குகிறது.

2025 டிராஃப்டின் குலுக்கல் பழைய சந்தேகங்களைக் கிளறிவிட்டது. தன்னை இறுதித் தொடருக்கே அழைத்துச் சென்ற டான்சிச்சை டாலஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில் லேக்கர்ஸுக்குக் கொடுத்திருந்தது. ரசிகர்கள் அரங்குக்கு வெளியே கூடிப் போராடினார்கள். மே மாதத்தில் 1.8 சதவீத வாய்ப்போடு அதே டாலஸுக்கு முதல் இடம் கிடைத்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக், 18 வயதில், அங்கே போனார். 1985இன் உறைக் கதையைப் போலவே இதற்கும் ஆதாரமில்லை. ஏறத்தாழ 50இல் ஒன்று என்ற வாய்ப்பு சராசரியாக 50 முறைக்கு ஒருமுறை நடக்கக்கூடியதே. 2008இல் சிகாகோவும் 2014இல் கிளீவ்லாந்தும் 1.7 சதவீதத்தில் ஜெயித்தவை. ஃபிளாக் பற்றித் தேர்வாளர்கள் ஒருமித்த கருத்தோடு இருந்ததற்குக் காரணம் அவர் எடுத்த புள்ளிகள் அல்ல. தடுப்பாட்டம், பந்தைக் கொடுத்தல், எறிதல் எதிலும் எதிரி தேடிப் பிடிக்கக்கூடிய ஓட்டை இல்லாமை. பிளேஆஃபின் பாடத்தைத் தேர்வாளர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இது அடையாளம். பள்ளிப் பருவத்திலேயே 2026 டிராஃப்டுக்குப் பேசப்பட்ட டேரின் பீட்டர்சன், ஏ.ஜே. டிபான்ட்சா, கேமரன் பூசர் ஆகிய மூவரையும் ரசிகர்கள் ஒப்பிட்டபோதும் இதே அளவுகோல்கள்தான் பேச்சில் வந்தன. பூசரின் தந்தை கார்லோஸ் 2002இல் 35ஆம் இடத்தில் எடுக்கப்பட்டு இரண்டு முறை நட்சத்திர ஆட்டம் ஆடியவர்.

தேர்வு உரிமைகளின் மதிப்பு இப்போது உயர்ந்திருப்பதற்குப் பணமும் ஒரு காரணம். 1994இல் முதல் இடத்தில் வந்த கிளென் ராபின்சன் ஓர் ஆட்டம்கூட ஆடும் முன் பத்தாண்டுக்கு 6.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அடுத்த ஆண்டே புதுமுகங்களுக்கு இடவாரியாக நிலையான சம்பள அட்டவணை வந்தது. முதல் சுற்றில் வருபவர் நான்கு ஆண்டுகள் மலிவான சம்பளத்தில் கிடைக்கிறார். கடைசி இரண்டு ஆண்டுகள் தொடர்வது அணியின் விருப்பம். 2023இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம், மிக அதிகமாகச் செலவிடும் அணிகளுக்கு இரண்டாவது வரம்பு ஒன்றை வைத்தது. அதைத் தாண்டினால் பரிமாற்றங்களுக்குக் கடும் கட்டுப்பாடு. எதிர்காலத் தேர்வு உரிமையும் முடங்கும். 2024இல் பட்டம் வென்ற பாஸ்டன், மறு ஆண்டே ஜூரு ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸையும் சம்பளச் சுமைக்காகவே விட்டுக்கொடுத்தது. விலை உயர்ந்த மூன்று பேரைச் சுற்றி மலிவான நல்ல ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அவர்களில் பலர் டிராஃப்டின் 15ஆம் இடத்திலிருந்து 40ஆம் இடத்துக்குள் கிடைப்பார்கள்.

பட்டம் வென்ற சில நாட்களில் ஓக்லஹோமா சிட்டியும் இதே கணக்குக்குள் வந்தது. 2025 ஜூலையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், ஹோம்கிரன், வில்லியம்ஸ் மூவரோடும் நீட்டிப்பு ஒப்பந்தங்கள் செய்தது. மூன்றும் சேர்ந்து 80 கோடி டாலரைத் தாண்டக்கூடியவை. அதற்கு முன்பே, ஜூன் 22 அன்று கோப்பையை வாங்கிய அணி, மூன்றாம் நாள் டிராஃப்டில் தன் கையிலிருந்த 15ஆம் இடத்து உரிமையில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சோர்பரை எடுத்திருந்தது.